பசறை ரோட்டில் வண்டி கழுவுறோம்

வண்டி கழுவுறதுக்குத் தண்ணியும் துணியும் இருந்தா போதும்னு நம்புறவங்கதான் இந்தத் தொழில்ல எறங்குறாங்க. விஷயம் தெரிஞ்சவன் எவனும் எறங்க மாட்டான். நானும் நம்பி எறங்கினவதான். பதுளையில இருந்து பசறைக்குப் போற ரோட்டுல, ஒரு தேயிலைத் தோட்டத்து ஓரமா என் கடை இருக்கு. கடையில இருந்து குனிஞ்சு பாத்தா தெரியிற லயத்துல, தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்டுலதான் நான் பொறந்தேன். கொழும்புல கார்மண்ட் ஃபெக்டரியில தைச்சது போதும்னு திரும்பி வந்து, என் கொழுந்தன் ரவியக் கூட்டுச் சேத்துக்கிட்டுக் கடையப் போட்டேன்.

எங்ககிட்ட இருந்த ஒரே சொத்து தண்ணி. மேல மலையில இருந்து எறங்குற ஓடையில பைப்புப் போட்டு எடுத்துக்கச் சொல்லித் தோட்டத்த நிர்வாகம் பண்ற துரை அனுமதி குடுத்தாரு. அதுக்கு ஒரு நிபந்தனை. அதே ஓடைதான் எங்க கடையத் தாண்டிக் கீழ போயி லயத்துல தண்ணி விழுற பீலியில கொட்டுது. அங்கதான் சனம் குளிக்கிறது, துவைக்கிறது எல்லாம். லயத்துல இருந்து ஒரு புகார் வந்தாலும் பைப்பக் கழட்டிருவேன்னு சொல்லித்தான் குடுத்தாரு. பைப்பு போனா கடை போச்சு. இத மனசுல வச்சுக்கிட்டு மத்ததப் படிங்க. இந்தத் தொழில்ல நனைஞ்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கும், இனிமே நனையப் போறவங்களுக்கும்தான் எழுதுறேன்.

கொழும்பு மெஷின்

மெஷின் பாக்க நானும் ரவியும் கொழும்புக்குப் போனோம். வண்டி கழுவுறதுல இத்தனை ரகம் இருக்குன்னு அங்கதான் தெரிஞ்சுக்கிட்டோம். வாளியும் ஸ்பொஞ்சும் வச்சுக் கையால கழுவுறது ஒரு ரகம். பிரஷர் மெஷின்ல தண்ணியப் பீச்சி அடிக்கிறது இன்னொண்ணு. காசு போட்டா மெஷின் ஓடும், வண்டிக்காரரே கழுவிக்கணும், அப்படியும் இருக்கு. வண்டிய உள்ள விட்டா ஆளு ஒசரத்துக்கு மேல பிரஷ் சுத்திச் சுத்திக் கழுவி வெளிய தள்ளுற முழு ஓட்டோமெட்டிக்கும் இருக்கு. விக்கிற தம்பி டை கட்டியிருந்தாரு. மத்த எதையும் காட்டாம நேரா அந்தக் கடைசி மெஷின்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டாரு. அழுக்கா உள்ள போன கார் பளபளன்னு வெளிய வந்ததப் பாத்து ரவி வாயப் பொளந்துட்டான்.

நான் விடல. கூரையில கேரியர் வச்ச வேன் உள்ள போகுமா? போகாதாம். தேயிலைக் கொழுந்து ஏத்துற லொறி? ஒசரம் இடிக்குமாம். ஆட்டோ? பிரஷ் கூரை ரெக்சீனக் கிழிச்சிருமாம். சேறு அப்பிக் காஞ்சு போன டயர் இடுக்கு? அத மொதல்ல கையால கழுவிட்டுத்தான் உள்ள விடணுமாம். அட, கையால கழுவின வண்டிய அப்புறம் எதுக்குய்யா மெஷினுக்குள்ள விடணும்? போதாததுக்கு எங்க ஊர்ல வானம் இருட்டினாலே கரண்டு போயிரும். கடைசியில ஒரு பிரஷர் மெஷின், தூசி உறிஞ்சுற ஒரு வெக்குவம், ஒரு நுரைத் துப்பாக்கி, இத மட்டும் வாங்கிட்டுக் கெளம்பினோம். அந்தத் தம்பி டையத் தளத்திக்கிட்டே சொன்னாரு: "உங்களுக்கு மெஷின மாத்திப் பிரயோசனம் இல்ல மேடம், ஊரத்தான் மாத்தணும்."

மூணாவது சில்லு

வண்டியோட அடியக் கழுவணும்னா அத ஒசரத்துல நிறுத்தணும். தூக்கி நிறுத்துறதுக்கு ஹொய்ஸ்ட் இருக்கு. அது வாங்க முடியாதவங்க கொங்கிரீட்ல ரெண்டு தடம் ஒசத்திக் கட்டி, நடுவுல ஆள் பூந்து நிக்கிற மாதிரி இடம் விட்டு, வண்டிய மேல ஏத்திருவாங்க. நாங்க தடம் கட்டினோம். காருக்கும் சரியா இருக்கணும், வேனுக்கும் சரியா இருக்கணும், கொழுந்து லொறிக்கும் சரியா இருக்கணும்னு கொத்து வேலைக்கு வந்த மேசன் பாஸோட சண்டை போட்டு அளவெடுத்தேன். அப்படி ஒரு பெருமை எனக்கு!

கடை தொறந்த அன்னிக்கு வாழை கட்டி, தேங்காய் ஒடைச்சு, எல்லாருக்கும் கடலை குடுத்துக்கிட்டு நிக்கிறோம். மொத வண்டி வந்துச்சு. ஆட்டோ. எங்க ரோட்டுல எங்க திரும்பினாலும் ஆட்டோதானே! ரவி ரெண்டு கையையும் ஆட்டி "வா, வா, வா"ன்னு கூப்பிடுறான். பின் சில்லு ரெண்டும் தடத்துக்கு நேரா இருக்கு. முன்னால இருக்கிற ஒத்தச் சில்லு நடுப் பள்ளத்தப் பாத்து நிக்குது. நான், ரவி, மேசன் பாஸ், அத்தனை பேர் நின்னு கட்டியும் ஒருத்தர் மண்டையிலயும் அது ஏறல பாத்தீங்களா? இப்ப தரையில பழைய டயரப் போட்டு, பெட்ரோல் மூடிய இறுக்கிட்டு, ஆட்டோவ அது மேல பக்கவாட்டுல சாய்ச்சுத்தான் அடி கழுவுறோம். அன்னிக்கு அந்த டிரைவர் தலைய வெளிய நீட்டி ரொம்பப் பணிவாக் கேட்டாரு: "அக்கா, முன் சில்லுக்கு எந்த ரோடு?"

கதிர்காமத்துப் பொட்டு

பிரஷர் மெஷினுக்கு நாலஞ்சு மூக்கு குடுப்பாங்க. செவப்பு மூக்கு ஊசி மாதிரி அடிக்கும், வெள்ள மூக்கு விசிறி மாதிரி விரிச்சு அடிக்கும். வண்டியோட வெளித் தகட்டுக்கு விசிறிதான் போடணும், அதையும் கையெட்டுற தூரத்துல நின்னு அடிக்கணும். ரவிக்கு ஊசி மேலதான் ஆசை. ஒரு நாள் லுணுகலையில இருந்து ஒரு புது வேன் வந்துச்சு. கதிர்காமத்துக்குக் கொண்டு போயி பூசை வச்சு, மொனராகலை வழியாப் புழுதி குளிச்சுக்கிட்டு வந்த வண்டி. குடும்பமே டீக்கடையில ஒக்காந்திருக்க, நம்மாளு செவப்பு மூக்க மாட்டி ஒரே அடி. சந்தனம், குங்குமம், திருநீறு, சுத்தமாப் போச்சு. கூடவே கண்ணாடியில ஒட்டியிருந்த வேலும் பாதி போச்சு.

வேன்கார அம்மா திரும்பி வந்து பாத்துட்டு நெஞ்சுல கைய வச்சுக்கிட்டாங்க. மறுபடி கதிர்காமத்துக்குக் கூட்டிட்டுப் போன்னு ஒரே ரகளை. எனக்கு ரவியக் கொல்லணும் போல ஆத்திரம். வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால இருந்த சந்தனக் கிண்ணத்த எடுத்துட்டு ஓடியாந்து, கற்பூரம் கொளுத்தி, நானே பொட்டு வச்சு அனுப்பினேன். அன்னியில இருந்து நம்ம கடையில கழுவினதும் பொட்டு வைக்கிறது வழக்கமாயிருச்சு, வேணாம்னு சொல்றவங்களுக்கு மட்டும் வைக்கிறதில்ல. நம்ம பக்கத்துச் சிங்கள ஆட்டோக்காரர் ஒருத்தர் போன மாசம் வந்து கேட்டாரு: "எனக்கும் நல்லாப் பெருசா ஒண்ணு வைங்க அக்கே, போன தடவை வச்சதுல இருந்து பொலிஸ் நம்மள மறிக்கவே இல்ல."

பேங்க் ஐயாவும் வெக்குவமும்

வெக்குவத்துல ரெண்டு வகை இருக்கு. தூசி மட்டும் உறிஞ்சுறது ஒண்ணு, ஈரத்தையும் உறிஞ்சுறது ஒண்ணு. எங்களோடது ரெண்டும் செய்யும், ஆனா ஈரத்துக்கு உள்ள இருக்கிற கடதாசி வடிகட்டியக் கழட்டணும், தூசிக்குத் திரும்ப மாட்டணும். பதுளையில பேங்க்ல வேலை செய்ற யாழ்ப்பாணத்து ஐயா ஒருத்தர் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஹைப்ரிட் கார்ல வந்தாரு. எஞ்சின் பக்கம் தண்ணி அடிக்கக் கூடாது, பின் சீட்டுக்கிட்ட பெட்டரிக்குக் காத்துப் போற ஓட்டை இருக்கு, அதுல ஈரம் படக் கூடாதுன்னு பக்கத்துல நின்னு சொல்லித் தந்தாரு. எல்லாத்தையும் கவனமாக் கேட்டுக்கிட்டேன். வடிகட்டிய மாட்ட மறந்துட்டேன்.

சுவிட்சப் போட்டதும் முன்னால உறிஞ்சின தூசி பூரா பின்னால பொஸ்ஸுன்னு வந்துச்சு. அவரு பின்னாலதான் நின்னாரு. நான் துண்டை எடுத்துட்டு ஓடினேன், அவரு வேணாம்னுட்டாரு. கண்ணாடியக் கழட்டி ஊதிட்டு நிதானமாச் சொன்னாரு: "தங்கச்சி, நான் காரைத் துப்புரவாக்கத்தானே கொண்டு வந்தனான், நீங்கள் என்னைப் புட்டு மாவுக்குள்ளை பிரட்டி எடுத்துப் போட்டியள்!"

நுரை

தொழில் பிடிச்சதே நுரைத் துப்பாக்கியாலதான். வண்டிய நுரையில மூடிட்டா ஊத்தை தானா எளகிரும், தேய்ச்சுப் பெயிண்டுல கீறல் போட வேண்டியதில்ல. ஆனா சனத்துக்கு அது ஒரு வேடிக்கை. வேன்காரங்க நுரைக்கு நடுவுல நின்னு படம் எடுத்து ஃபேஸ்புக்ல போட, அதப் பாத்துட்டு ஹல்துமுல்லையில இருந்துகூட வண்டி வந்துச்சு. ரவிக்குத் தலைகால் புரியல. வர்ற வண்டிக்கெல்லாம் வெள்ளையடிச்ச மாதிரி நுரை அடிக்கிறான். அழுக்குத் தண்ணிக்கு ஒரு குழிதான் வெட்டியிருந்தோம். அது ரொம்பி வழிஞ்சு ஓடையில எறங்கினத நாங்க யாரும் பாக்கல.

ஞாயித்துக்கிழமை லயத்துல துணி துவைக்கிற நாள். அன்னிக்குப் பகல் மாரியாயி அத்தை மேல ஏறி வந்துச்சு. லயத்துல எங்க வீட்டுக்கு அடுத்த காம்பிரா வீடு, என்னைய இடுப்புல தூக்கி வளத்தது. கையில ஒரு வாளி, வாளி நெறைய நுரை. பின்னால தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரு. நாளைக்கு மொத வேலையா துரைகிட்ட சொல்லப் போறேன்னு அவரு நிக்கிறாரு. எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். நம்ம சனமே நம்ம வயித்துல அடிக்க வருதேன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா வாளியப் பாத்தா எண்ணெய் வேற மினுமினுக்குது. ஒரு வாரம் தவணை குடுங்க, அதுவரைக்கும் கடைய மூடிருறேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அத்தை வாளிய என் கால்கிட்ட ணங்குன்னு வச்சுச்சு: "காரு குளிச்ச தண்ணியில நாங்க குளிக்கணுமாடி செல்வி? எப்பருந்து நீ தொரைச்சாணி ஆன?"

பீலி

தலைவரு குடுத்த அந்த ஒரு வாரத் தவணையில நானும் ரவியும் மண்வெட்டியக் கீழ வைக்கல. வரிசையா மூணு குழி. மொதக் குழியில சேறு தங்கணும், ரெண்டாவதுல எண்ணெய் மெதக்கணும், மூணாவதுல மணலும் கரியும். அங்க இருந்து தண்ணி ஓடைப் பக்கமே போகாம, சரிவுக்கு அந்தப் பக்கம் கல்லு ரொப்பின உறிஞ்சு குழிக்குப் போகணும். அதச் சுத்தி வாழை நட்டோம். முதல்ல ரெண்டாவது குழியில இருந்து போற பைப்ப மேல வச்சுட்டோம், மெதக்கிற எண்ணெய் பூரா அடுத்த குழிக்கு ஜம்முன்னு போயிருச்சு. ஒடைச்சுட்டு, வளைஞ்ச பைப்பத் தண்ணிக்குள்ள குனிய வச்சு, அடித்தண்ணிய மட்டும் எடுக்குற மாதிரி திரும்பக் கட்டினோம். புதுசா கடை போடுறவங்க மெஷினுக்கு முந்தி இதக் கட்டுங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை தலைவர வரச் சொன்னேன். குழியப் பாத்தாரு, தலைய ஆட்டினாரு, கீழ இருக்கிறவங்க நம்பணுமேன்னாரு. சரின்னு ஒரு கொழுந்து லொறிய நிறுத்தி, இருக்கிற நுரையெல்லாம் அடிடான்னு ரவிகிட்ட சொல்லிட்டு, நான் மாத்துத் துணிய எடுத்துக்கிட்டுப் பீலிக்கு எறங்கினேன். பாவாடைய நெஞ்சுக்கு மேல கட்டிக்கிட்டு, தொவைக்க வந்த பொம்பளைங்க முன்னால நேரா பீலிக்கடியில நின்னேன். தண்ணி ஐஸ் மாதிரி கொட்டுது. மேல மெஷின் சத்தம் கேக்குது. வெள்ளையா என்னமோ மெதந்து வந்துச்சு, எனக்கு உசுரே போயிருச்சு. பாத்தா தேயிலைப் பூ. மெஷின் சத்தம் நின்னு, ரவி மேல இருந்து விசில் அடிக்கிற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு பொட்டு நுரை வரல. மாரியாயி அத்தை தண்ணிய அள்ளி வெரல்ல தேய்ச்சுப் பாத்துச்சு, மோந்து பாத்துச்சு, வாயில ஊத்திக் கொப்பளிச்சுத் துப்புச்சு. எல்லாரும் அது மூஞ்சியவே பாக்குறாங்க. அத்தை தன் முந்தானையால என் தலையத் தொவட்டிக்கிட்டே மத்தவங்க பக்கம் திரும்பிச் சொல்லுச்சு: "நொர வரல, பைப்ப யாரும் கழட்ட வேணாம்னு தலைவர்கிட்ட சொல்லுங்க, நமக்குத்தான் நட்டம், இனிமே உடுப்புத் தொவைக்க சவுக்காரம் வாங்கணும்!"

ஆக, கார் வாஷ் போடப் போற புண்ணியவான்களே, எந்த மெஷின் நல்ல மெஷின்னு ஊரெல்லாம் விசாரிக்கிறதுக்கு முன்னாடி, உங்க கடைக்குக் கீழ ஓடுற தண்ணியில நின்னு நீங்களே குளிப்பீங்களான்னு ஒரு தடவை உங்களையே விசாரிச்சுக்குங்க.