ஒரு நாற்றும் மிதக்காத வயல்

விவசாயம் படிக்கப் போன இடத்தில், கூலிக்கு ஆள் வைத்து நாற்று நட்டு, சொந்த அண்ணனிடமே பிடிபட்ட அறிவாளி அடியேன். அண்ணனின் பெருமைகளை எழுதும்படி உறவினர்கள் பணித்திருக்கிறார்கள். அவற்றுக்கு என் மடமையைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அண்ணன் மங்கலம்பேட்டையில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஆறு. படிப்பை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். அக்காவைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்தார்; என்னைப் படிக்க வைத்தார்; தமக்கு ஒரு கல்யாணம் செய்துகொள்ள மறந்துபோனார். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு விவசாயக் கல்லூரிப் பண்ணையில் பயிற்சியாளரானார். பட்டம் இல்லாத அவர் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே படித்த எங்களுக்குப் பட்டம்.

ஆளுக்கு இரண்டு செண்ட் நிலம். நாற்று விடுவது முதல் அறுப்பு வரை அவரவரே செய்ய வேண்டும். நடவன்று அண்ணன் விதை வாங்க வெளியூர் போயிருந்தார். எனக்கும் கடலூரில் சினிமா பார்க்கும் அவசர வேலை இருந்தது. நடவுப் பெண்கள் இருவரை இறக்கிவிட்டு ரயிலேறினேன்.

கைப்பழக்கம் இல்லாத மாணவர்கள் நட்டதில், மறுநாள் எல்லார் வயலிலும் நாற்று மிதந்தது, என் வயலைத் தவிர. ஊர் திரும்பிய அண்ணன் என் வயல் வரப்பில் வந்து நின்றார்.

"யாருடா நட்டது?"

"நான்தாண்ணே."

"ஒண்ணுகூட மெதக்கலியே?"

"நல்லா நட்டேன்."

"அப்படியா? இந்தா, இந்த மூலையில நாலு குத்து நடு."

நட்டேன். தண்ணீர் தெளிவதற்குள் மூன்று மேலே வந்துவிட்டன.

"மச்சான், ஒன் நாத்து நீச்சல் அடிக்குதுடா!" என்றான் பக்கத்து வயல்காரன்.

அண்ணன் சிரிக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. அந்த ஆண்டு தேறியவர்களை அரசாங்கம் தேடி வந்து வேலைக்கு எடுத்துக்கொண்டது. நான் அண்ணன் அறை வாசலில் நின்று கத்தினேன்.

"தம்பின்னுகூடப் பாக்கலியா நீங்க?"

"நாளைக்கி ஒரு குடியானவன் நாத்தக் கையில குடுத்து, நட்டுக் காட்டுடான்னா, நானா வந்து நிப்பேன்?"

இனி அவரோடு பேசுவதில்லை என்று சபதம் செய்தேன். நான் உருப்படியாகக் காப்பாற்றிய சபதம் அது ஒன்றுதான்.

மறு ஆண்டும் அதே வயல். அண்ணன் வரப்பில் நின்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வார்: "அந்தப் பையன்ட்ட சொல்லு, நட்டதும் மண்ண வெரலால அணைக்கணும்னு." அவன் சொல்வதற்குள் நான் அணைத்திருப்பேன். நடவுக்கு மறுநாள் ஒரு நாற்றும் மிதக்கவில்லை; அறுப்பு முடிந்ததும் அண்ணனின் கையெழுத்து கிடைத்தது.

விவசாய இலாகாவில் வேலை கிடைத்துக் கிள்ளைக்குப் போன முதல் வாரமே, புது விதையின் பெருமையைச் சொன்ன என்னிடம் ஒரு விவசாயி நாற்றுமுடியை நீட்டினார். "காயிதத்துல எல்லாம் நல்லாத்தான் சொல்றீங்க தம்பி. எறங்கி நடுங்க பாப்போம்." நட்டேன். மறுநாள் வந்து பார்த்துவிட்டு, "சரி, ஒங்க வெதையக் குடுங்க" என்றார். அன்று வரப்பில் நின்றபோது அண்ணனிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அடுத்த மாதம், அடுத்த பொங்கல் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் சொல்வதற்கே வெட்கமாகிவிட்டது.

ஓய்வுபெற்றபின் அண்ணன் கடலூர்ச் செம்மண்டலத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். நான் பத்திரிகையில் எழுதிய நகைச்சுவைகளை வாரம் தவறாமல் வாங்கிப் படிப்பாராம். சிரித்ததாகத் தகவல் இல்லை. அக்கா போகும்போதெல்லாம், "அவன் எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்பாராம். சென்ற ஆண்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. கட்டிலருகே இரண்டு நாள் உட்கார்ந்து, கிள்ளையில் நட்ட கதையை அவரிடம் சொன்னேன். விரல்கூட அசையவில்லை.

வேளாவேளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த அடுத்த வீட்டு அம்மையாருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களுக்கும், செய்தி கேட்டு எங்கெங்கிருந்தோ வந்து பாடைக்குத் தோள் கொடுத்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இவ்ளோ எழுத வருதேடா ஒனக்கு. அண்ணன் இருக்கறப்ப ரெண்டு வரி வரலியா?"