செல்லூர் மாடியில் பார்த்த கார்டு

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். பகலில் அக்காவுக்கு, சாயங்காலம் எனக்கு. இனிமேல் கட்டப்போகிற வீடுகளை முப்பரிமாணப் படமாக்கி ஒரு இன்ஜினியருக்குக் கொடுப்பது அவள் வேலை. நான் கேம் விளையாடுவேன். இரண்டுக்குமே அதில் இருந்த பழைய கிராபிக்ஸ் கார்டு போதவில்லை. எனக்கு கேம் திக்கித் திக்கி ஓடியது. அவளுக்கோ பாதி வேலையில் மெமரி இல்லை என்று சொல்லிவிட்டு சாஃப்ட்வேரே மூடிக்கொண்டது.

மூன்று வாரம் உட்கார்ந்து கார்டுகளை ஒப்பிட்டோம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, எந்தக் கார்டில் எந்த கேம் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் ஓடுகிறது என்று நான் எழுதுவேன். பக்கத்துக் கட்டத்தில் மெமரி எவ்வளவு, கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று அவள் எழுதுவாள். எனக்குப் பிடித்த கார்டில் அவளுக்கு மெமரி பத்தாது. அவளுக்குப் பிடித்ததில் எனக்கு வேகம் பத்தாது. சாப்பிடும்போதும் இதே சண்டை. ஒருநாள் அத்தா, முதலில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லித் தட்டோடு முன்னறைக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் செல்லூரில் ஒருவர் தன் கார்டை விற்பதாக ஆன்லைனில் போட்டிருந்தார். வேகமும் இருந்தது, மெமரியும் இருந்தது. புதிதாக என்றால் நாங்கள் நினைத்தே பார்க்க முடியாத ரகம். கேட்டதும், கார்டு ஓடுவதை ஒரு நிமிட வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார். அதில் ஓரிடத்தில், திரையின் வலது மூலையில் இரண்டு மூன்று பச்சைக் கோடுகள் மின்னி மறைந்தன. கண் சிமிட்டினால் தெரியாது. நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பார்த்தேன். போன் கேமராவின் கோளாறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவிடம் வீடியோவைக் காட்டவில்லை. அவள் திரும்பத் திரும்பக் கேட்டபோதும், நன்றாக ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன். அவளும் அதை நம்பி, திங்கட்கிழமைக்குள் படங்களைத் தந்துவிடுவதாக இன்ஜினியரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். கீழே விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறும்போது காலடியில் அதிர்ந்தது. விற்பவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையாக உட்காரவைத்து, தன் கம்ப்யூட்டரில் கார்டை மாட்டி ஒரு கேம் ஓட்டிக் காட்டினார். நான் அங்கேயே தலையாட்டிவிட்டேன். அக்காதான், கார்டுக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை சாஃப்ட்வேரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும் என்றாள். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் சரி என்றார்.

திரையின் மூலையில் கார்டின் சூட்டைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. எழுபது. எழுபத்தெட்டு. எண்பத்துமூன்று. தறிச் சத்தத்தையும் மீறி கார்டின் ஃபேன் இரைந்தது. ஆறாவது நிமிடத்தில் அந்தப் பச்சைக் கோடுகள் வந்தன. இந்த முறை மறையவில்லை, திரை முழுக்கப் பரவின. பிறகு எல்லாம் கறுப்பு.

இரண்டு தடவை ஆன் செய்து பார்த்தார். படம் வரவில்லை.

"நல்லா ஓடிக்கிட்டு இருந்த கார்டு," என்றார். "நீங்க போட்ட டெஸ்ட்லதான் போச்சு. இனி இத நீங்கதான் எடுத்துக்கிரணும்."

நல்ல கார்டு ஆறு நிமிடத்தில் சாகாது என்றாள் அக்கா. அவர் குரல் உயர்ந்தது. சத்தம் கேட்டுக் கீழேயிருந்து அவருடைய தம்பி ஏறிவந்து வாசலை அடைத்தாற்போல நின்றார். அக்காவின் கை, பணம் இருந்த பையை இறுக்கிப் பிடித்தது. ஆனாலும் அவள் இன்னும் நிதானமாகத்தான் பேசினாள்.

என் போன் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் எங்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அக்காவுக்கும் எல்லாம் தெரிந்துவிடும். அவளைத் தனியாக வாதாட விட்டுவிட்டு நான் எவ்வளவு நேரம் சும்மா நின்றேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கடைசியில் எடுத்தேன். "அண்ணே, நீங்க அனுப்புன வீடியோவுலயே இந்தக் கோடு இருக்கு. பாருங்க."

நிறுத்திக் காட்டினேன். அவர் பார்த்தார். தம்பியும் எட்டிப் பார்த்துவிட்டு வாசலை விட்டு விலகினார். விற்பவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தனக்கும் ஒருத்தன் இப்படித்தான் இதைத் தள்ளிவிட்டுப் போனான் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

வண்டி அருகில் வந்ததும் கேட்டாள்: "எப்ப பார்த்த?"

"செவ்வாக்கிழமை."

"எம்புட்டு தடவ கேட்டேன் உன்கிட்ட."

அவ்வளவுதான். வைகைப் பாலம் தாண்டி வீடு வரும்வரை, பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தோளைப் பிடிக்கவேயில்லை.

திங்கட்கிழமை படங்கள் தயாராகவில்லை. இன்ஜினியர் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஏன் போனது என்று அம்மா கேட்டபோது, தன்னால் முடியவில்லை என்று மட்டும் அக்கா சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு அதே அறையில்தான் இருந்தேன்.

நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். புதுப் பக்கம். அதில் மறுபடி திட்டம் போட்டோம். பவர் சப்ளை பழசு, அதனால் முதலில் அது. பிறகு அவளுக்கு வேண்டிய மெமரியோடு, வேகம் குறைந்த ஒரு புதுக் கார்டு. ப்ராசசர் அடுத்த வருஷம். நான் படித்த ஒவ்வொரு ஒப்பீட்டையும், குறை சொல்லியிருக்கும் வரிகளோடு, அவளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினேன்.

கார்டு வந்ததும் அவளே மாட்டினாள். என் கேம், அதில் தெரியும் நிழல்களைக் குறைத்து வைத்தால்தான் சீராக ஓடியது. ஒரு மாதம் கழித்து அதே இன்ஜினியர் திருவாதவூர்ப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் படம் கேட்டுக் கூப்பிட்டார். அதை முடித்துக் கொடுக்கும்வரை நான் விளையாட உட்காரவில்லை.