புழு மனையில் ஒரு கேமரா

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் செல்லியம்மா அதை மோந்து பார்ப்பாள். காற்றுப் போகிற சந்தில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு. கருகின வாடை, எறும்பு வாடை, காபி கொட்டிக் காய்ந்த வாடை, கரப்பான் குடும்பம் நடத்தின வாடை என்று பாதி நோய் அவளுக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும். ஒரு வாடையும் வரவில்லை என்றால்தான் கவலைப்படுவாள். "வாட இல்லாத மிசினு அழுத்தக்காரன் மாதிரி. இன்னா நோவுன்னு வாயத் தொறக்காது" என்பாள்.

ஆந்திர எல்லையில் ராமகுப்பத்துக்குப் பக்கத்தில், ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே, ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டம் அவளுக்கு. தோட்டத்து ஓரத்தில் பட்டுப்புழு வளர்க்கிற மனை. மாமனார் காலம் வரை ஊரார் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பம்; சொந்த மண்ணில் கால் வைத்துப் பதினைந்து வருடம்தான் ஆகிறது. வயது நாற்பத்து நாலு. ஐந்தாவது வரை தெலுங்குப் பள்ளிக்கூடம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். புழுவுக்கு இலை போட்டது போக மிச்ச நேரத்தில் செத்த லேப்டாப்பையும் வாயடைத்த கேமராவையும் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இது அவளுக்குத் தொழில் இல்லை. சிலருக்கு வெற்றிலை பாக்கு எப்படியோ, அவளுக்கு இது அப்படி.

பழக்கிவிட்டவன் புருஷன் ஏழுமலை. பெங்களூரில் ஒரு கம்பெனிக் கட்டடத்துக்கு செக்யூரிட்டி. திங்கட்கிழமை விடியலில் குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி, சனிக்கிழமை திரும்புகிற கூட்டத்தில் ஒருவன். அந்தக் கட்டடத்தில் மூன்று வருடத்துக்கு ஒரு தரம் கம்ப்யூட்டர்களை மாற்றிவிடுவார்கள். எடைக்குப் போகிறதில் ஒன்றிரண்டை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வருவான். முதல் லேப்டாப் வந்தது 2004-ல். பிள்ளைகள் விளையாடட்டும் என்று கொண்டு வந்தான். பிள்ளைகள் இரண்டு நாளில் மறந்துவிட்டார்கள். அவள் மூன்றாம் நாள் அரிவாள்மனை நுனியை வைத்து அதன் முதுகைத் திறந்தாள். அடுத்த வாரம் ஏழுமலை பொடி ஸ்குரூடிரைவர் செட் ஒன்றை வாங்கி வந்தான். தடுத்தாலும் விடமாட்டாள், அரிவாள்மனையாவது பிழைக்கட்டும் என்று.

"மல்லிப்பூ வாங்கினு வந்தா மோந்துகூட பாக்க மாட்டா. மதர்போர்டு வாங்கினு வந்தா மொதல்ல மூக்குகிட்டதான் போவும்" என்று ரயில் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

கழற்றின ஸ்குரூவைப் போட்டு வைக்க அவளிடம் ஒரு வினோதமான தட்டு இருக்கிறது. பட்டுப்புழு பழுத்த பிறகு கூடு கட்ட விடுகிற மூங்கில் தட்டுக்குச் சந்திரிகை என்று பெயர். ஆள் உயரத்துக்கு இருக்கும். அதில் மூங்கில் பட்டையை வெளியிலிருந்து நடு வரைக்கும் சுருள் சுருளாக நிறுத்தியிருப்பார்கள். அதே மாதிரி இரண்டு சாண் அகலத்தில் ஒன்று முடைந்து தரச் சொன்னாள். முடைகிறவர் பொம்மைக்குப் புழு வளர்க்கிறாயா என்று கேட்டார். அவள் காசைக் கொடுத்துவிட்டு எடுத்து வந்தாள். முதலில் கழற்றினதை வெளி வாயில் போடுவாள். அடுத்தது அதற்கு உள்ளே, அதற்கடுத்தது இன்னும் உள்ளே. கடைசி ஸ்குரூ நடு மையத்தில் கிடக்கும். மூட்டும்போது மையத்திலிருந்து வெளியே வந்தால் போதும். எழுதி வைக்க வேண்டாம், எண்ண வேண்டாம். தூசி தட்டுவதற்கு, பொரிந்த குஞ்சுப் புழுவை நோகாமல் இலைக்குத் தள்ளுகிற கோழி இறகு. இதையெல்லாம் அவளுக்கு எவன் வந்து சொல்லிக்கொடுப்பான்? கையில் இருந்ததை வைத்துக் கண்டுபிடித்தாள்.

கோந்து போட்டு ஒட்டின சாமான்களைக் கண்டால் ஆகாது. "இஸ்குரூ போட்டவன் மனுசன். நாளைக்கு எவனாவது தொறப்பான்னு நெனச்சிருக்கான். கோந்து போட்டவன் இன்னா நெனச்சான்?" என்று பெயர் தெரியாத அந்தக் கம்பெனிக்காரனைக் கேட்பாள்.

சரியாகி விளக்கு எரிந்துவிட்டால் "அந்தே" என்பாள். தெலுங்கில், அவ்வளவுதான் என்று அர்த்தம். அதோடு அந்தப் பொருளின் மேல் ஆசை போய்விடும். அங்கன்வாடி டீச்சர், ரேஷன் கடைக்காரர், கேட்டவர் யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தேடுவாள்.

இந்தச் சாமான்கள் அத்தனையும் இருந்த இடம் புழு மனை. அதில்தான் வந்தது வினை.

பட்டுப்புழு வளர்க்கிற வீடுகளில் புழு மனையைவிடச் சுத்தமான இடம் கிடையாது. காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஈ நுழையாமல் வலை, எறும்பு ஏறாமல் தட்டுக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம். வெயில் காலத்தில் ஜன்னலுக்கு ஈரச் சாக்குத் தொங்கும். உள்ளே எப்போதும் குளுகுளு என்று இருக்கும். மனிதர் படுக்கிற அறையில் ஓட்டை இருக்கும், மனையில் இருக்காது. ஆகவே விலை உயர்ந்த பொருள் எதுவானாலும் செல்லியம்மா அங்கேதான் வைப்பாள்.

2011 ஆடியில் ரூபா தன் கேமராவைக் கொண்டு வந்து கொடுத்தாள். அடுத்த தெரு. முப்பது வயது. குப்பத்தில் ஒரு ஸ்டூடியோவில் ஐந்து வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஆண்கள் எடுத்து வந்த கல்யாணப் படங்களுக்கு ஓரத்தில் ரோஜாப்பூ ஒட்டிக்கொண்டிருந்தவள். படம் எடுக்க நானும் போகிறேன் என்று ஐந்து வருடமும் கேட்டாள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு அந்த அலைச்சல் என்று ஐந்து வருடமும் ஒரே பதில். வேலையை விட்டாள். பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினாள். பேட்டரி மூடி உடைந்திருந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, வீட்டில் எலித் தொல்லை, நீயே சரிபண்ணி பத்திரமாக வைத்திரு அக்கா என்று விட்டுப் போனாள். செல்லியம்மா இரண்டு நாளில் மூடியைச் சரிபண்ணினாள். பத்திரமாகவும் வைத்தாள்.

ஐப்பசியில் ரூபாவுக்கு முதல் கல்யாணம் கிடைத்தது. திருப்பதியில், அலிபிரி போகிற வழியில் ஒரு மண்டபம். பெண் அலங்கரிக்கிற அறைக்குள் ஆண் போட்டோக்காரன் வரக் கூடாது, பொம்பளைதான் வேண்டும் என்று பெண் வீட்டார் தேடிப் பிடித்த ஆள் ரூபா. சந்தோஷமாகக் கேமராவை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சோதித்துப் பார்த்தாள். எடுத்த படமெல்லாம் பால் தெளித்த மாதிரி மங்கலாக வந்தது. மண்டபம் பார்க்கத் திருப்பதிக்குப் போனபோது ஒரு கடையில் காட்டினாள். கடைக்காரர் ஒரு கண்ணால் பார்த்தார். லென்ஸ் போய்விட்டது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு என்றார். வேறு வாங்க அவளால் ஆகாது. ஸ்டூடியோக்காரரிடம் இரவல் கேட்டாள். அவர் சிரித்தார். அந்தக் கல்யாணம் கை நழுவினால் அவரிடமே போய் மறுபடி ரோஜாப்பூ ஒட்ட வேண்டியதுதான். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது.

கேமரா மறுபடி செல்லியம்மா கைக்கு வந்தது. மோந்தாள். கொஞ்சம் மண் வாடை. லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் பார்த்தாள். உள்கண்ணாடியில் வெள்ளையாக, மயிரிலும் மெல்லிசாக, கிளை விட்டு ஓடுகிற நூல்கள்.

அவளுக்கு அந்த நூலைத் தெரியும். புழுவுக்குச் சுண்ணாம்புக்கட்டி நோய் என்று ஒன்று வரும். ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடித்துப் புழு விறைத்துச் சாகும். செத்த உடம்பின் மேல் இதே வெள்ளை நூல் கிளைக்கும். தட்டு தட்டாக வாரிக் குழியில் கொட்டியிருக்கிறாள். கண்ணாடிக்குள் இருப்பதும் அதே ஜாதிதான். மூன்று மாதம் ஈரமும் குளிர்ச்சியும் கொடுத்து, ஈ மொய்க்காமல், வெயில் படாமல் அதை வளர்த்து ஆளாக்கினது தான்தான் என்பது அந்தக் கணமே புரிந்துவிட்டது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ரூபாவுக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை. பழைய சாமான், விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் புலம்பிக்கொண்டிருந்தாள். செல்லியம்மா டார்ச்சை அணைத்தாள்.

"வித்தவனத் திட்டாத. நான்தான் பண்ணேன். மனையில வெச்சேன், ஈரம் புடிச்சிகிச்சி."

ரூபா குனிந்து அந்த நூல்களைப் பார்த்தாள். "புழுவுக்குக் கட்டின மனையில என் பொழப்ப வெச்சிட்டியேக்கா" என்றாள். பிறகு, "சரி பண்ணுவியா?"

"தெரியாது. கேமரா தொறந்திருக்கேன். லென்ஸ தொறந்தது இல்ல."

"தொறந்துட்டு மூட முடியலன்னா?"

செல்லியம்மா லென்ஸை அவளிடம் திருப்பி நீட்டினாள். ரூபாவே சொன்னாள்: "இப்ப மட்டும் இன்னா, குருடாத்தான கீது. தொற."

நாள் ஒன்றுதான் கிடைத்தது. பட்டுப்புழு நாலு தரம் தோல் உரிக்கும். ஒவ்வொரு தரமும் ஒரு நாள் இலை தின்னாமல், தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஜுரம் என்று சொல்வார்கள். நாலாம் ஜுரம் விட்டு எழுந்தால் அப்புறம் ஒரு வாரத்துக்கு ராப்பகலாகத் தின்னும். இலை வெட்டிப் போடுகிறவளுக்குத் தலை வாரக்கூட நேரம் இருக்காது. அந்த நாலாம் ஜுரம் ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. அடுத்த ஞாயிறு கல்யாணம்.

சனிக்கிழமையே மருந்துக் கடைக்குப் போனாள். மனையில் பூசணத்தைக் கொல்கிற மருந்து எதையும் கண்ணாடியில் விட முடியாது. கடைக்காரரிடம், "பூசணம் சாவணும், கண்ணாடி சாவக் கூடாது. இன்னா கீது?" என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, புண் கழுவுகிறபோது நுரைத்து வருமே, அந்த மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் பாய் விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே ரூபா. மனையில் புழுப் படுக்கைக்குச் சுண்ணாம்புத் தூள் தூவுகிற வேலை அன்றைக்கு ஏழுமலைக்கு. லென்ஸின் முன் வளையத்தில் ஸ்குரூவே இல்லை. திருகித்தான் எடுக்க வேண்டும், பிடிக்க இடமும் இல்லை. அடுக்கில் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, வளையத்துக்குச் சரியாக உட்கார்ந்த ஒன்றின் விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினாள். அழுத்தித் திருகினாள். வளையம் ஒரு முனகலோடு சுழன்றது. உள்ளே மூன்று ஸ்குரூ. இரண்டு வந்தது. மூன்றாவது வரவில்லை, தலை மழுங்கத் தொடங்கிவிட்டது. ரூபா கண்ணை மூடிக்கொண்டாள். செல்லியம்மா கையை எடுத்துவிட்டு, எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். டியூபில் நகத்தளவு வெட்டி ஸ்குரூவின் தலைமேல் வைத்து, அதன் மேல் டிரைவரை வைத்து, மூச்சை அடக்கித் திருப்பினாள். வந்தது.

கண்ணாடியை எடுக்குமுன் பென்சிலால் ஒரு கோடு போட்டாள், எந்தப் பக்கம் மேலே என்று. பஞ்சில் மருந்தைத் தொட்டு, நடுவிலிருந்து வெளியே, வெளியே என்று துடைத்தாள். நூல்கள் ஒரு தரத்தில் போகவில்லை. ஏழு தரம் பஞ்சு மாற்றினாள். எட்டாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. ஓரத்தில் கடுகளவு ஒரு கறை மட்டும் விடவில்லை. அது அங்கே இருக்கட்டும், படத்தில் வராது என்று ரூபா சொன்னாள். 

அப்போது ஏழுமலை கதவைத் தட்டி, சுண்ணாம்பு போதுமா, படுக்கை காய்ந்துவிட்டது, வந்து பார் என்றான். செல்லியம்மா பஞ்சோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜுரத்தில் கிடக்கிற புழுவுக்குப் படுக்கை ஈரமாக இருக்கக் கூடாது என்றுதானே சுண்ணாம்பு போடுகிறோம்? லென்ஸுக்கும் அதுதானே வேண்டும்? தூள் ஆகாது, கண்ணாடியில் ஏறிவிடும். சுட்ட சுண்ணாம்புக் கல்லை இரட்டைத் துணியில் முடிந்து தகர டப்பாவின் அடியில் வைத்தாள். மேலே ஒரு சின்னத் தட்டு. தட்டின் மேல், மூட்டின லென்ஸும் கேமராவும். மூடியை அழுத்தி மூடி ரூபாவின் கையில் கொடுத்தாள்.

"இனிமே உன் ஊட்லயே வெச்சிக்கோ. கல்லு தூளாச்சின்னா மாத்து. எலி தகரத்தத் துன்னாது."

செவ்வாய்க்கிழமை ரூபா மல்பெரித் தோட்டத்தில் நின்று சோதித்துப் பார்த்ததாகவும், இலையின் பல்லுப் பல்லான ஓரம்கூட எண்ணுகிற மாதிரி வந்ததாகவும் பெங்களூரில் இருந்த ஏழுமலைக்குப் போன் போனது. செல்லியம்மா வந்து பார்க்கவில்லை. புழு எழுந்துவிட்டது; அவள் இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் முடிந்து திங்கட்கிழமை மத்தியானம் ரூபா திருப்பதி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் கட்டியிருந்தது, கழுத்தில் கேமரா. நகரியிலிருந்து வந்திருந்த பெண்ணின் அத்தை தன் மகள் கல்யாணத்துக்கும் இவளே வர வேண்டும் என்று தை மாதத்தில் தேதி சொல்லிவிட்டாளாம். செல்லியம்மா தலையிலிருந்த இலைக் கட்டை இறக்கிவிட்டுப் படங்களைப் பார்த்தாள். இரண்டு படம் பார்த்தாள். பொண்ணு லட்சணமா கீறா என்றாள்.

"அங்கியே நில்லுக்கா. உன்ன ஒண்ணு எடுத்துக்கறேன்."

செல்லியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இலைக் கட்டுக்குப் பக்கத்தில் கையைத் தொங்கப் போட்டு நேராக நின்றாள். ரூபா கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினாள். தூக்கினதும் செல்லியம்மா நின்ற இடத்தை விட்டு நடந்து வந்தாள். பக்கத்தில் வந்து, முகத்தை முன்னால் நீட்டி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு மறு கண்ணால் லென்ஸுக்குள் நூல் ஏதாவது கிளைத்திருக்கிறதா என்று தேடினாள். ரூபா அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. பட்டனை அழுத்தினாள்.