சாப்பாட்டுக்கு முன்

கலியமூர்த்தியை டூவீலரில் இரண்டு பேருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, பேச்சு குழறியது. குடவாசல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் டாக்டராக இருந்த காலம். சுகர் 38. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிய பிறகுதான் மனுஷன் கண்ணைத் திறந்து பார்த்தார். மத்தியானம் மடை திறக்கப் போனவர் வரப்பில் விழுந்திருக்கிறார். வாய்க்கால் பக்கம் விழுந்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும்.

அவருக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று மாத்திரை. பல மாதமாக ஒரு வில்லங்கமும் இல்லை. பிறகு மேலிடத்திலிருந்து டயட் சார்ட் வந்தது. காலை இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, இரவு இரண்டு சப்பாத்தி. சுகர் பேஷன்ட் எல்லாருக்கும் இதையே கொடுக்க வேண்டும், மாற்றி எழுதக் கூடாது என்று ஆர்டர். மூன்று வேளையும் சோறு தின்று வயலில் இறங்குகிற ஊருக்கு இது. நாங்களும் கொடுத்தோம்.

அவர் மனைவி சரோஜாவிடம் விசாரித்தேன். மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டார் என்று சாதித்தார். எந்த நேரத்தில் என்று கேட்டேன்.

"மத்தியானந்தாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடின்னு கவர்ல போட்டிருக்குல்ல. இப்பதான் சாப்பாடே ஒரு வேளைன்னு ஆயிடுச்சே. அதான் ரெண்டையும் சேத்துப் போட்டுக்கறாரு."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கள் பக்கம் சோறு என்றால்தான் சாப்பாடு. இட்லியும் சப்பாத்தியும் டிபன். அதைச் சாப்பிட்டதாக யாரும் கணக்கில் வைப்பதில்லை. சார்ட்டையும் கவரையும் அந்த அம்மாள் அட்சரம் பிசகாமல் நம்பினார். அதற்கு இந்தக் கூலி.

சார்ட்டைக் குறுக்கே அடித்துவிட்டு, காலையும் இரவும் அளவாகச் சோறு, கூடவே கீரையும் காயும் நிறைய என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். மாத்திரையையும் குறைத்தேன். கலியமூர்த்தி தேறிவிட்டார். ஆனால் விஷயம் மாவட்ட அலுவலகம் வரை போய், ஒரு அதிகாரி கிளம்பி வந்துவிட்டார். கைட்லைனுக்கு விரோதமாக எழுதியதற்கு எழுத்து மூலமாக விளக்கம் வேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளியைப் பார்த்து டாக்டர் முடிவெடுக்கலாம் என்று அதே கைட்லைனின் இங்கிலீஷ் மூலத்தில் ஒரு வரி இருக்கிறது. தமிழ் சார்ட்டில் அது இல்லை. எடுத்துக் காட்டினேன். சார்ட்டில் இடம் போதவில்லை என்றார். ஒரு ஆள் சாகக் கிடந்திருக்கிறார், இவருக்கு இடம் போதவில்லை.

"பேஷன்ட் புரிஞ்சுக்கலேன்னா சார்ட் என்ன பண்ணும் டாக்டர்? நானும் சுகர்காரன்தான். ஃபாலோ பண்றேனே."

"ராத்திரி என்ன சாப்பிடறீங்க சார்?"

"ராத்திரி நான் சாப்பிடறதே இல்லைங்க. அஞ்சாறு தோசை, அவ்வளவுதான்."

அவரும் எங்கள் பக்கம்தான், மாயவரத்துக்காரர். சார்ட்டில் 'இரவு இரண்டு சப்பாத்தி' என்ற வரியில் விரலை வைத்து அவர் பக்கம் நகர்த்தினேன். அதற்குப் பிறகு அவர் விளக்கம் கேட்கவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த ஊரில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டு மருந்து எழுதாதீர்கள். வாயில் என்னென்ன போட்டீர்கள் என்று கேளுங்கள். பதிலை முழுசாகக் கேட்ட பிறகு, தேவைப்பட்டால் சார்ட்டைப் பாருங்கள்.