கச்சாலில் காலை நாலே முக்கால்

நவம்பர் 7, 1976. ஞாயிறு. மாலை 3.10.

டெலானிபூர் குடியிருப்புக்கு வருவதாகச் சொன்ன ஜீப் வரவில்லை. பஸ்ஸில் ஹாடோ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தேன். கட்டணம் இருபத்தைந்து பைசா. நான்கு மணிக் கப்பல் 4.40க்குக் கிளம்பியது. போர்ட் பிளேரிலிருந்து கச்சால் தீவு தெற்கே ஏறக்குறைய இருநூற்று முப்பது கடல் மைல். நடுவில் கார் நிக்கோபாரில் ஒரு பகல் நிற்கும். செவ்வாய் காலையில் போய்ச் சேரலாம்.

சாமான்கள்: ஒரு படுக்கை, ஒரு டிரங்குப் பெட்டி, டார்ச், அலாரம் கடிகாரம், ஒரு கோப்பு. கோப்பில் முக்கியமானவை இரண்டு காகிதங்கள். ஒன்று, கச்சால் பால்வாடியின் ஆகஸ்ட் மாத வருகைப் பதிவேட்டு நகல். மற்றொன்று, அந்தப் பால்வாடியை மூடி, கரும்பலகை, எடை பார்க்கும் தராசு, பாத்திரங்கள் யாவையும் திரும்பும் கப்பலிலேயே ஏற்றி வரும்படி மேலதிகாரி கையெழுத்திட்ட உத்தரவு. அதில் தேதி மட்டும் இல்லை. நேரில் பார்த்தபின் நான் நிரப்ப வேண்டும்.

விஷயம் இதுதான். தலைமுறை தலைமுறையாக இலங்கைத் தோட்டங்களில் உழைத்துவிட்டு, இரு அரசுகளின் ஒப்பந்தப்படி திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டிருக்கின்றன. அவர்களின் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருப்பது ஒரே ஓர் அறை. பால்வாடிகளின் மேற்பார்வையாளர் என்ற முறையில் அதன் பதிவேடு என்னிடம் வந்தது. குழந்தைகள் வந்த நேரம் என்ற பத்தியில் எல்லா நாளும் 4.45 என்று இருந்தது. ஒன்பது நாட்கள் அடியோடு காலி. விதிப்படி பால்வாடி நேரம் காலை 9 முதல் 12 வரை. நான் சிவப்பு மையில் எழுதினேன்: ‘காலை 4.45 நம்பத்தக்கதல்ல. ஒன்பது நாள் ஏன் காலி? விளக்கம் வரும்வரை பால் மாவு நிறுத்தப்படுகிறது.’ பிறகு செப்டம்பரில் வேறு வேலையாக அங்கே போன ஓர் அதிகாரி காலை பத்து மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டு, ‘குழந்தைகள் எல்லாம் தூங்குகின்றன, பாடம் இல்லை’ என்று குறிப்பு அனுப்பினார். அதன்மேல் பிறந்ததுதான் இந்த உத்தரவு.

இரவுச் சாப்பாட்டின்போது பக்கத்துப் படுக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். அபர்தீன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் மதுரைக்காரர். கச்சால் பால்வாடியைப் பார்க்கப் போவதைச் சொன்னேன்.

“விசாரணைக்கா போறீங்க மேடம்? அப்ப அந்த டீச்சருக்கு மெயின்லாண்டு டிக்கெட் போட்டாச்சுன்னு சொல்லுங்க.”

“பாக்காம எப்படிச் சொல்ல முடியும்?”

“பாத்தப்புறம் எழுதுறவங்கள நான் இந்தத் தீவுல இன்னும் பாக்கல” என்று சொல்லிவிட்டு ஊறுகாயை என் பக்கம் தள்ளினார்.

நவம்பர் 8, திங்கள்.

காலை 7.20 முதல் மாலை 3 மணி வரை கார் நிக்கோபாரில் நின்றோம். அரிசி மூட்டைகள் இறங்கின, கொப்பரை ஏறியது. கப்பலில் தேநீர் முப்பது பைசா. கடல் அமைதி.

நவம்பர் 9, செவ்வாய். காலை 6.45.

கச்சாலில் கப்பல் தள்ளியே நின்றது. கயிற்று ஏணியில் இறங்கி நிக்கோபாரிப் படகுக்காரரின் படகில் ஏறினேன். “பைட்டோ அம்மா, பைட்டோ” என்று சொல்லியபடி என் டிரங்குப் பெட்டியைத் தன் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். உட்கார்ந்துதான் இருந்தேன். தோட்டத்து டிராக்டருக்காகக் கரையில் பதினோரு மணி வரை காத்திருந்தேன்; பிறகு அதில் செம்மண் பாதையில் ஏழு கிலோமீட்டர். அதற்குப் பிடித்தது ஐம்பது நிமிடம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி விட்டு நட்ட ரப்பர் மரங்கள். ஒவ்வொன்றிலும் சாய்வாக ஒரு வெட்டு, அதற்குக் கீழே கம்பியில் ஒரு சிரட்டை.

தோட்ட அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, விருந்தினர் அறையில் பெட்டியை வைத்துவிட்டுப் பால்வாடிக்குப் போனபோது மணி 12.20. தகரக் கூரை, பலகைச் சுவர், பூட்டிய கதவு. சன்னல் வழியாகப் பார்த்தேன். உத்தரத்திலிருந்து பழஞ்சேலைத் தொட்டில்கள் தொங்கின. எண்ணினேன், பதினொன்று. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளைச் சேர்க்க விதியில் இடமில்லை. இதையும் குறித்துக்கொண்டேன்.

பக்கத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு பெண் சாவியுடன் வந்தார். பாலசேவிகா, அதாவது பால்வாடி ஆசிரியை, செல்வராணி. வயது இருபத்துநான்கு. களுத்துறைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். போர்ட் பிளேரில் ஆறு மாதப் பயிற்சி பெற்றவர். பின்னாலேயே ஆயா முத்தம்மா, நாற்பத்தைந்து இருக்கும்.

செல்வராணி என் கோப்பைப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டார். “நீங்கதானா அந்தச் சிவப்பு மை?”

“ஆமா.”

“ரெண்டு மாசமா பால் மாவு வரல.”

“விளக்கம் வரலையே.”

“அனுப்பினேங்க. மூணு பக்கம். செப்டம்பர் கப்பல்ல.”

பதிவேடுகளை வந்தவுடன் பார்த்துவிடுவேன்; கடிதங்களை மாதவாரியாகக் கட்டி, தேதி வரிசையில் படிப்பவள் நான். அக்டோபர் முடிவில் ஆகஸ்ட் கட்டுதான் முடிந்திருந்தது. செப்டம்பர் கட்டு மேசையின் இடது பக்கம், நாடா அவிழ்க்காமல் இருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும்; சொன்னேன்.

முத்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “கப்பல்ல போன லெட்டரு மேசையில நங்கூரம் போட்டுருச்சாக்கும்!”

செல்வராணி சிரிக்கவில்லை. “மூடத்தானே வந்திருக்கீங்க? நாளைக்கு வெள்ளன நாலே முக்காலுக்கு வாங்க. பாத்துட்டு மூடுங்க.”

நவம்பர் 10, புதன். காலை 4.10.

அலாரம் வைத்து எழுந்தேன். 4.30க்குப் பால்வாடி வாசலில் இருந்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கிழக்கே சாம்பல் நிற வெளிச்சம். தீவுகளில் கடிகாரம் மெயின்லாண்டு நேரத்தைக் காட்டுகிறது. சூரியன் அதற்குக் கட்டுப்படுவதில்லை. ஒன்பது மணி என்று விதி எழுதியவர்கள் இருந்த ஊரில் சூரியன் எப்போது உதித்ததோ, இங்கே அன்று உதித்தது 5.09.

முதல் குழந்தை வந்தது 4.38க்கு. இடுப்பில் மகள், மறுகையில் வாளி, சேலைச் செருகலில் ரப்பர்ப் பால் வெட்டும் கத்தி: இது லெச்சுமி. மகள் கமலா, வயது மூன்று. அதன்பின் ஒருவர் மாற்றி ஒருவர். தூக்கக் கலக்கத்தோடு வந்த குழந்தைகளை ஆயா கையில் வாங்கிப் பாயில் இறக்கினார். தாய்மார் நின்று பேசவில்லை. பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்புக்கு ஓடினார்கள்; அது 5.10க்கு. கடைசிக் குழந்தை வந்தது 5.06க்கு. மொத்தம் இருபத்தேழு. பதினாறு பேர் மூன்று வயதுக்கு மேல், பதினொருவர் கீழே.

“4.45 சரியில்ல. முதல் குழந்தை 4.38க்கு வந்துது” என்றேன்.

“எல்லாருக்கும் தனித்தனியா எழுதினா புள்ளையப் பாக்குறது யாரு? நடுவுல ஒரு மணி போட்டேன்” என்றார் செல்வராணி.

5.30 முதல் 7.30 வரை பாடம் நடந்தது. சிரட்டைகளை அடுக்கி எண்ணினார்கள். இலையில் நீர் மொண்டு யார் சிந்தாமல் கொண்டுவருவது என்று ஒரு பந்தயம். ஒரு கதை. ஒரு சிறுமி என் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்து, “உள்ள யாரு தட்டுறா?” என்று கேட்டாள். 7.45க்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய கஞ்சி. பால் மாவு நின்றதிலிருந்து வீட்டுக்கு ஒரு தேங்காய் முறை வைத்துக் கொடுக்கிறார்களாம். 8.30க்கு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒன்பது மணிக்கு இருபத்தேழும் தூக்கம்.

நாலரைக்கு எழுந்த குழந்தை ஒன்பது மணிக்குத் தூங்காமல் என்ன செய்யும்? செப்டம்பரில் வந்த அதிகாரி பார்த்ததும் இதைத்தான். அவர் எழுதியதில் பொய் இல்லை.

காலை 9.20.

வெட்டு முடிந்து, பால் வடிவதற்காகக் காத்திருக்கும் இடைவேளையில் கைக்குழந்தைக்காரர்கள் பாலூட்ட வந்தார்கள். லெச்சுமியும் மகளைப் பார்க்க வந்தார். அவரோடு அவர் வெட்டும் பகுதி வரை நடந்தேன்; அறுநூறு அடி.

“கொஞ்சம் விடிஞ்சு வெளிச்சம் வந்தப்புறம் வெட்டினா ஆகாதா?”

“ஆகாதும்மா. வெயில் ஏறிச்சுன்னா பாலு வடியாது, வெட்டு மூடிக்கிரும். மரத்துக்கு நம்ம ஆபீசு நேரம் தெரியுமா?” என்று சிரித்தார். பிறகு ஒரு மரத்தைக் காட்டினார். “சிலோன்ல எங்க தோட்டத்துல புள்ளக் காம்பரா இருந்துச்சு. பெரட்டுக்கு முன்னாடியே ஆயா கதவத் தொறந்து நிப்பா. இங்க வந்த புதுசுல அது இல்ல. கமலா இடுப்புல துணியக் கட்டி, இந்த மரத்தோட கட்டிப் போட்டுட்டுத்தான் வெட்டுனேன். இங்கதான் பூரான் கடிச்சுது. ஒரு சாண் இருக்கும். நான் நாப்பது மரத்துக்கு அந்தாண்ட இருந்தேன். அழுத சத்தம் கேட்டுச்சு, பசிக்கு அழுவுறான்னு நெனச்சேன்.”

கமலாவின் இடது கணுக்காலில் எட்டணா அளவுத் தழும்பை நான் காலையில் பார்த்திருந்தேன்.

“நாளைக்குக் காம்பராவப் பூட்டிட்டா மறுபடி இந்த மரந்தாம்மா” என்றார். குரலில் கெஞ்சல் இல்லை. கத்தியை எடுத்துப் பதம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நவம்பர் 11, வியாழன். காலை 3.50.

தகரத்தில் மழை. 4.45க்குப் பால்வாடி வாசலில் நானும் செல்வராணியும் ஆயாவும் மட்டும். 5.30 வரை யாரும் வரவில்லை.

“மரம் நனைஞ்சா வெட்டு இல்லீங்க. அம்மா வீட்டுல, புள்ளயும் வீட்டுல” என்றார் செல்வராணி. பிறகு, “நேத்து இருபத்தேழு, இன்னைக்கு சைபர். எத எழுதப் போறீங்க?”

“ரெண்டையும்.”

ஆனால் நான் எழுதினால் மட்டும் போதாது என்று தெரியும். ஒரு நாள் பார்த்தது ஒரு நாளுக்குத்தான் சாட்சி. ஆகஸ்டுக்கு வேறு சாட்சி வேண்டும். 7 மணிக்குக் கணக்கப்பிள்ளையிடம் போனேன். பெரட்டுப் புத்தகம் அவர் பொறுப்பு.

“வெளியாளுக்குக் காட்டக் கூடாதும்மா” என்றார்.

“வெளிய கொண்டுபோகல. உங்க பக்கத்துலயே உக்காந்து பாக்கறேன். பக்கத்த நீங்களே புரட்டுங்க.”

பதினொரு மணி வரை அவர் புரட்டினார், நான் பார்த்து எழுதினேன். நடுவில் இரண்டு முறை தேநீர் கொடுத்தார். பால்வாடிப் பதிவேட்டில் பெயர் இருந்த நாளெல்லாம் அந்தக் குழந்தையின் தாய் பெரட்டில் இருந்தாள். காலியாக இருந்த ஒன்பது நாட்களில் எட்டு நாட்களுக்கு நேரே கணக்கப்பிள்ளை ‘மழை, வெட்டு இல்லை’ என்று எழுதியிருந்தார். ஆகஸ்ட் 19 மட்டும் உதைத்தது. அன்று வெட்டு உண்டு, பதிவேடு காலி.

திரும்பிப் போய்க் கேட்டேன். செல்வராணி முகம் சுருங்கியது. “அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். எந்திரிக்க முடியல. ஆயாதான் தொறந்துச்சு. ஆயாவுக்கு எழுதத் தெரியாது. வராத நாள்ல நானே எழுதினா பொய்யாப் போயிரும்னு விட்டுட்டேன்.”

முத்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எழுதத்தான் தெரியாது, எண்ணத் தெரியாதா?” என்று உள்ளே போய், மாடத்திலிருந்து ஒரு சிரட்டையை எடுத்து வந்தார். அதில் ரப்பர் கொட்டைகள். “வந்த புள்ளைக்கு ஒண்ணு போட்டேன். டீச்சரு எந்திரிச்சு வந்து கேட்டா காட்டணுமே. இவ கேக்கவேயில்ல.”

பாயில் கொட்டி எண்ணினேன். இருபத்தாறு. பதிவேட்டிலுள்ள இருபத்தேழு பேரில், அன்று பெரட்டுக்கு வராத ஒரு தாயின் குழந்தையைக் கழித்தால், இருபத்தாறு குழந்தைகள்தான் வந்திருக்க முடியும்.

மூடும் உத்தரவில் தேதி நிரப்ப வேண்டிய இடத்தில் குறுக்கே கோடு போட்டு, ‘நிறைவேற்றப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த அதிகாரம் எனக்கு உண்டா என்பது போர்ட் பிளேரில் தெரியும். சிரட்டையைத் துணியில் கட்டித் தரச் சொன்னேன்.

“அத எதுக்கும்மா?” என்றார் ஆயா.

“பதிவேடு ஆபீசுக்கு வரணும்.”

பிற்பகல் 2.30க்குப் படகு. செல்வராணி கரை வரை வந்தார். நன்றி சொல்லவில்லை. “பால் மாவு அடுத்த கப்பல்லயா, அதுக்கடுத்ததுலயா?” என்றுதான் கேட்டார்.

“அடுத்ததுல.”

நவம்பர் 13, சனி.

காலை 8.15க்கு ஹாடோ. வீட்டுக்குப் போகாமல் நேராக அலுவலகம். அரை நாள் வேலை. மேலதிகாரியின் மேசைமேல் அறிக்கையையும், பெரட்டிலிருந்து எழுதியதையும், சிரட்டையையும் வைத்தேன்.

“இது என்ன?”

“ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி வருகைப் பதிவு, சார்.”

அவர் ஒரு கொட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தார். அறிக்கையை இரண்டு முறை படித்தார். “ஒன்பது மணிக்கு யாராவது மறுபடி போய்ப் பார்த்துட்டு எழுதினா?”

“தூங்குதுன்னு எழுதுவாங்க, சார். பக்கத்துல காரணம் இருக்கும்.”

மழையில்லாத நாட்களில் நேரம் 4.30 முதல் 11.30 வரை, மூன்று மாதத்துக்கு மட்டும், பரீட்சார்த்தமாக. அனுமதி கிடைத்தது. பால் மாவு பதினாறு குழந்தைகளுக்கு. கீழ் வயதுப் பதினொருவருக்கு விதியில் இடமில்லை என்றார். எழுதிக் கேட்பேன் என்றேன். கேளுங்கள் என்றார். பன்னிரண்டு மணிக்குள் டின்களுக்குச் சீட்டு எழுதிக் கிடங்கில் கொடுத்துவிட்டு, செப்டம்பர் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

நவம்பர் 14, ஞாயிறு. காலை 4.45. டெலானிபூர்.

அலாரம் வைக்கவில்லை, விழிப்புத் தட்டிவிட்டது. சன்னலுக்கு வெளியே நல்ல வெளிச்சம். இந்தத் தெருவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இந்நேரம் இங்கே இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்பதை நான் பார்த்ததில்லை. எல்லா வீட்டுக் கதவும் மூடியிருந்தது. கச்சாலில் மரத்துக்கு ஞாயிறு கிடையாது; ஆயா பாய் விரித்திருப்பார்.

கட்டைப் பிரித்து, கச்சால் முத்திரை உள்ளதைத் தேடி எடுத்தேன். மூன்று பக்கம். மரம் எப்போது பால் தரும், தாய்மார் எப்போது போவார்கள், மழை நாளில் ஏன் காலி, பத்தொன்பதாம் தேதி காய்ச்சல், குழந்தைகள் தூங்கும் நேரம், எல்லாம் வரிசையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். நானூற்று அறுபது கடல் மைல் போய் வந்து நான் எழுதிய அறிக்கையில் இந்தக் கடிதத்தில் இல்லாதது பெரட்டுக் கணக்கும் கொட்டைகளும்தான். மேல் மூலையில் பெற்றுக்கொண்ட தேதி என்ற இடத்தில், கடிதம் வந்த செப்டம்பர் தேதியையும் படித்த தேதியையும் அடுத்தடுத்து எழுதினேன்.

கட்டுக்குள் இன்னும் முப்பத்தொரு கடிதங்கள் இருந்தன. தேதி வரிசையைக் கலைத்து, மிகத் தொலைவுத் தீவுகளிலிருந்து வந்தவற்றை மேலே வைத்தேன். மணி 5.05. அடுத்ததைப் பிரித்தேன்.