நகுலேஸ்வரி அக்காவின் மார்கழி மொட்டு

கிங்ஸ்பரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பத்மநாதன் அண்ணை நல்ல மனிதர். நவம்பர் மாதத்தில் மட்டும் அவரைத் தாங்க முடியாது. இருபத்திரண்டு வருடம் ஜேர்மனியில் பனி வழித்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். இங்கே விழும் பனி தேநீருக்குப் போடும் சீனி அளவுதான் என்று எத்தனை பேர் சொன்னாலும் நம்பமாட்டார். வாசலில் நிற்கும் மூன்று ரோசாச் செடிகளின் நீண்ட கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டுவார். புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்குவார். அடியில் மண்ணும் எருவும் குவித்து, மேலே சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டுவார். மூன்று பேர் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

இந்த முறை நடுச்செடியில் ஒரேயொரு மொட்டு நின்றது. அதைத் திருவெம்பாவைக்கு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் மனைவி நகுலேஸ்வரி அக்காவுக்கு ஆசை. கடையில் வாங்காத, கையால் வளர்த்த பூ. குடும்ப வாட்ஸ்அப்பில் படமும் போட்டாயிற்று.

"அதிலை கத்தரி வைச்சீங்களெண்டால் இனிச் சமையலும் நீங்கள்தான்," என்றார் அக்கா.

"ஒரு மொட்டுக்காக மரத்தைச் சாகவிடேலுமே? ஜேர்மனியிலை முதல் குளிருக்கு ரோசா எல்லாம் பட்டுப்போக, மூண்டு நாள் அழுதனீர். அதை இன்னொருக்காப் பாக்க என்னாலை ஏலாது."

கடைசியில் அண்ணைதான் இறங்கிவந்து, சாக்கில் ஓட்டை போட்டு மொட்டின் தலையை மட்டும் வெளியே விட்டார். அதன்பிறகு வேலைக்குப் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் குனிந்து பார்ப்பார். ஐந்து கிழமையாக அது அசையவேயில்லை.

திருவெம்பாவையின் கடைசி நாள் காலையில் நான் குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். பூ விரிந்திருந்தது. அண்ணை ஈரப்புல்லில் முழந்தாளிட்டு, சந்தோசம் தாங்காமல் மூக்கைப் பூவுக்குள் புதைத்து ஆழமாக மூச்சிழுத்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"ஐயோ, மணந்துபோட்டீங்களே! மணந்த பூவை அம்மனுக்கு வைக்கேலுமே?"

"கை வைக்கேல்லை. மூக்கு மட்டுந்தான்," என்றார் அண்ணை. முழந்தாளிலிருந்து எழும்பவேயில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அக்கா உள்ளே போனார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துவந்து பூவை வெட்டித் தன் கொண்டையில் செருகிக்கொண்டார்.

"வாங்கோ, அம்மனுக்குப் போற வழியிலை செவ்வந்தி வாங்குவம்."

அண்ணை கார்த் திறப்பைச் சட்டைப்பைகளில் தேடிக்கொண்டு நின்றார். திறப்பு கையிலேயே இருந்தது.