கூடையில் வடித்த கல்யாணத் தண்ணீர்

பூமாலைக்கு அன்று கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. எத்தனையோ கல்யாணங்களில் காய் நறுக்கியவள், சமையல் மேஸ்திரி வேடியப்பன் சொன்ன அளவுக்கு உப்புப் போட்டவள். இன்றைக்கு அடுப்பு முழுவதும் அவள் பொறுப்பு! எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். வழிநெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மேஸ்திரி எலவனாசூர்கோட்டையில் மாட்டிக்கொண்டார். வடக்கனந்தல் அரங்கநாதன் மகளுக்கோ விடிந்தால் கல்யாணம்.

"மேஸ்திரி வரலன்னா இன்னாங்க? நான் ஆக்கறேன்" என்று பெண்ணின் அப்பாவிடம் வாயை விட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, கல்வராயன் மலையில் கொட்டிய மழை ஓடையை உடைத்துக்கொண்டு கிணற்றில் இறங்கியது. வாளியில் வந்தது தண்ணீரா, செம்மண் குழம்பா? இதில் சோறு வடித்தால் பந்தியே எழுந்து போய்விடும். அப்புறம் பூமாலை ஆயுசுக்கும் காய்தான் நறுக்க வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து டிராக்டரில் தண்ணீர் கொண்டுவரவும் வழியில்லை.

"தேதியத் தள்ளி வெச்சிரலாமா?" அரங்கநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சும்மா இருங்க! ஏ அமிர்தம், சோத்துக் கூடைங்கள எடுத்தா!" பூமாலை, கூடக் காய் நறுக்குகிறவளுக்குக் குரல் கொடுத்தாள்.

தண்ணீர் வடிகட்டும் படம் ஒன்றை மகளின் பாடப்புத்தகத்தில் பார்த்திருந்தாள். படத்தில் இருந்தது பானை; கல்யாண வீட்டில் பானைக்கு எங்கே போவது? சோறு கொட்டும் மூங்கில் கூடைகளை அண்டாக்கள் மேல் ஏற்றி, வேட்டியை விரித்து, கூழாங்கல், இடித்த கரி, அதன் மேலே, பந்தலில் பரப்பக் கொட்டியிருந்த ஆற்று மணல் என்று அடுக்கினாள். கலங்கல் தண்ணீரை ஊற்றினாள். முதலில் கறுப்பாக ஒழுகியது. ஊற்ற ஊற்றத் தெளிந்தது.

"ஐயோ, தெளிஞ்சிடுச்சிடி!" அமிர்தம் குதித்தாள்.

பூமாலை ஒரு வாய் குடித்தாள். புளித்த கஞ்சி வாடை! தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். நேற்றைய அடுப்புக் கரியை அல்லவா இடித்துப் போட்டாள்! சமையல்காரர்கள் அடுப்பை அணைக்க நல்ல தண்ணீரைச் செலவழிப்பார்களா? வடித்த கஞ்சியைத்தான் ஊற்றுவார்கள். நேற்று பந்தல் போட்டவர்களுக்கு ஆக்கியபோது அவளும் அதைத்தான் செய்திருந்தாள்.

"அத்தினியும் கொட்டு!"

தேங்காய் துருவிப் போட்ட கொட்டாங்கச்சிகள் மலையாகக் கிடந்தன. கொளுத்தி, கனிந்ததும் தட்டைப் போட்டு மூடி, ஆறிய கரியை இடித்து அலசிக் கூடைகளைப் புதிதாக அடுக்கினாள். இந்தத் தடவை வாடை இல்லை. பூமாலைக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது; கத்தியும் விட்டாள். குடிக்கிற தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்து ஆற்றச் சொன்னாள்.

மறுநாள் வயல் வரப்பில் நடந்தே வந்த உறவுக்காரர்கள் பந்தி பந்தியாக உட்கார்ந்தார்கள். சோறு மல்லிகைப் பூவாக இலையில் விழுந்தது. மறுசோறு கேட்காத இலை இல்லை.

கடைசிப் பந்தி முடிந்ததும் அரங்கநாதன் சமையல் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"ஐப்பசில என் தம்பி பொண்ணு கல்யாணம். ஆக்கித் தரணும்."

"மேஸ்திரியக் கேட்டுச் சொல்றேங்க."

"மேஸ்திரியத்தாம்மா கேட்டுக்கினு இருக்கேன்."